தொண்ணூற்றாறு சதவீதச் சோகம்

ஜெரால்டின் எடை எழுபத்திரண்டு கிலோ, ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது, சர்க்கரை இல்லை, மனச்சோர்வு தொண்ணூற்றாறு சதவீதம். முதல் மூன்றையும் கம்பெனி டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொன்னார். நான்காவதைச் சொன்னது ஒரு மெஷின். அது ஜெரால்டைப் பார்த்ததே இல்லை.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருக்கும் கன்டெய்னர் யார்டு ஒன்றில் ஜெரால்ட் கிரேன் ஆபரேட்டர். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மனம் எப்படி இருந்தது என்று கேட்டால், நேற்று வைத்த வஞ்சிரக் குழம்பும் இன்று ஊற்றிய இட்லியும் வயிற்றில் சேர்ந்த ஒருவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஏப்பம் ஒன்றை மரியாதையாக வெளியே விட்டுவிட்டு ஏணியில் கால் வைத்தார். இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ஆபரேட்டர் ஜெரால்ட், ஆபீசுக்கு வரவும். மெதுவாக வரவும். அவசரம் இல்லை."

இருபது வருஷ சர்வீசில் அந்த யார்டில் எவனையும் எவரும் மெதுவாக வரச் சொன்னதில்லை. ஜெரால்ட், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போனார்.

ஆபீசில் எலுமிச்சைப் புல் வாசனை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து வந்து ஜெரால்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம் முன்பு வந்த மேனேஜர். கதவில் ஆங்கிலத்தில் ஏ. துரை என்றும், கீழே தமிழில் 'பணியாளர் மகிழ்ச்சித் துறைத் தலைவர்' என்றும் எழுதியிருந்தது. அதற்கு முன் அந்த அறைக்கு 'லீவு செக்ஷன்' என்று பெயர்.

"நீங்க தனியா இல்ல, ஜெரால்ட்" என்றார் துரை.

ஜெரால்ட் சுற்றிலும் பார்த்தார். மூலையில் மடிக்கணினியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா சார். மூணு பேரு கீறோம்."

துரை கண்ணை மூடித் திறந்தார். பிறகு சொன்னார். கம்பெனி 'மனவானிலை' என்று ஒரு மெஷின் வாங்கியிருக்கிறது. மெஷின் என்றால் இரும்பு இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருப்பது. பணியாளர்கள் முகநூலில் போடுவதையும், அவர்கள் பெயரை 'டேக்' என்று கோத்து மற்றவர்கள் போடுவதையும் அது ராவும் பகலும் படிக்கும். லட்சக்கணக்கான பேர் எழுதியதைப் படித்துப் பழகிய மெஷின். யார் மனதில் மழை, யார் மனதில் புயல் என்று சொல்லிவிடும்.

"என் பேஸ்புக்க யாரு சார் படிக்கச் சொன்னது?"

"நீங்கதான். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

கையெழுத்து உண்மைதான். புது பூட்சுக்கு அளவு கேட்ட படிவத்தோடு இன்னும் இரண்டு படிவம் வந்தது. பூட்ஸ் வருகிறதே என்று யார்டே வரிசையில் நின்று மூன்றிலும் போட்டது. பூட்ஸ் இன்னும் வரவில்லை.

"சார்" என்றாள் மூலையில் இருந்த பெண். ஜெமிமா என்று பெயர். மெஷினைச் செய்த பெங்களூர்க் கம்பெனியின் இன்ஜினியர். "இது ஒரு கணிப்பு மட்டும்தான். டாக்டர் சொல்ற முடிவு கிடையாது. ஒரு தடவ உக்காந்து பேசிப் பாக்காம இத வச்சு யாரையும்..."

துரை ஒரு விரலைத் தூக்கினார். ஜெமிமா நிறுத்திக்கொண்டாள். அவர் ஒரு தாளை எடுத்து, மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவர் போலத் தொண்டையைச் சரிசெய்தார்.

"'இருள் சூழ்ந்தது எங்கள் வாசல், இனி விடியுமா சொல் தாயே.' மார்ச் நாலாம் தேதி. நீங்க எழுதினதுதானே?"

"அது மீன் மார்க்கெட்டு பாக்கியம் ஆயா சார். நல்ல சாவு. எம்பத்தொம்போது வயசு."

"'உன் பின்னால் வந்துவிடத் துடிக்கிறோம்.' ஜூன் ரெண்டு."

"அது வட்டச் செயலாளரோட மாமியாரு. மருமவன் கேட்டு எழுதி வாங்கினாரு. யாரும் பின்னால போவல சார். பிரியாணி போட்டாங்க."

"'பூமி சுழல்வதை நிறுத்தட்டும்.'"

"சுழல்னு வந்தா கழல்னு அடுத்த வரில வரும் சார். அதுக்காக."

துரை தாளை மடித்தார். அவர் முகத்தில் கருணை வழிந்தது. "மறுப்புதான் முதல் அறிகுறி, ஜெரால்ட்" என்றார்.

விதி எளிமையானது. எழுபதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு ஆள் கிரேன் ஏறக் கூடாது. சம்பளம் உண்டு, கிரேன் கிடையாது. முப்பது நாள் வரை 'ஆனந்த அறை'யில் உட்கார வேண்டும். அதற்குள் எண் முப்பதுக்குக் கீழே இறங்கினால் திரும்ப மேலே போகலாம். இல்லாவிட்டால் நிரந்தரமாகக் கீழ்வேலை. அவர் அடையாள அட்டைக்கு அந்த நிமிஷத்திலிருந்து யார்டு கேட்டும் ஆனந்த அறையும்தான் திறக்கும்; மெஷினே மாற்றிவிட்டது.

"இதுல மனுஷத் தலையீடே கிடையாது" என்றார் துரை, ஹோட்டல்காரர் கலப்படமே கிடையாது என்று சொல்கிற பெருமையோடு.

வெளியே வந்தபோது செய்தி யார்டு முழுக்கப் பரவியிருந்தது. டிரெய்லர் ஓட்டுகிற வசீம் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா மாமு, உனக்குப் பத்தாம் நம்பர் கூண்டு ஏத்திட்டானுங்களாமே. எப்போ கரையக் கடக்கப் போற?"

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்தே வளர்ந்த ஜனம் அது. அன்றிலிருந்து மனவானிலைக்கு யார்டில் கூண்டு என்றே பெயர்.

*

ஜெரால்டுக்கு இரண்டு வேலை. ஒன்று அறுபதடி உயரத்தில் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி வைப்பது. இன்னொன்று, தாம் குடியிருக்கும் கல்மண்டபத்தைச் சுற்றி யார் செத்தாலும் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதுவது. முதல் வேலைக்குச் சம்பளம். இரண்டாவதற்கு ஒரு டீ, சில வீடுகளில் சமோசாவும் உண்டு.

தேவப்பிரியத்தின் ஃப்ளெக்ஸ் கடையில் பேனர் அடிப்பார்கள். நடுவில் இறந்தவர் படம். ஒரு பக்கம் மலர்வு, ஒரு பக்கம் உதிர்வு என்று தேதிகள். கீழே கண்ணீரோடு நிற்பவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக. நடுவே நாலு வரி. அதற்கடியில் 'வரிகள்: கல்மண்டபம் ஜெரால்ட்'. பேனர் தெருவில் ஏறுவதற்கு முன் முகநூலில் ஏறிவிடும். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை ஜெரால்ட் பெயரைக் கோத்துப் பகிர்வார்கள். வருஷத்துக்கு நூறு சாவு என்றால் மெஷின் கண்ணுக்கு அந்த மனிதன் மூன்று நாளுக்கு ஒருமுறை தாயை இழந்துகொண்டிருந்தான்.

வரிகள் பிறப்பது அந்தக் கிரேன் கேபினில்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணலிப் புகைபோக்கிகள், கீழே பொம்மை மாதிரி ஆட்கள். இருபது வருஷம் மேலிருந்து பார்த்ததில் முகம் தெரியாமலே நடையை வைத்து ஆளைச் சொல்வார். ஆளை மட்டுமில்லை. போன வருஷம் வசீம் மூன்று நாளாக டீக்கு இறங்காமல் டிரெய்லரிலேயே கிடந்ததை முதலில் பார்த்தது அவர்தான். யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் கீழே வந்து அவன் பக்கத்து சீட்டில் ஏறிக் குந்தினார். ஒன்றும் கேட்காமல் ஒரு மணி நேரம் குந்தியிருந்தார். பிறகு அவன் பேசினான். மறுநாள் பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் இவரே கூட்டிப்போய் வரிசையில் நின்றார். மாத்திரை, பேச்சு, நாலைந்து மாதம் என்று போய், இன்றைக்கு அவன் இவரையே கிண்டல் பண்ணுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறான். அந்தச் சமயத்தில் வசீமின் முகநூலில் இருந்தது ஒரே ஒரு படம்: கூலிங் கிளாஸ் போட்டு டிரெய்லர்மேல் சாய்ந்திருப்பது.

*

ஆனந்த அறை முழுக்க மஞ்சள். சுவரில் அருவிப் படம். நாற்காலி கிடையாது, காற்றடித்த பெரிய மஞ்சள் பந்துகள் மூன்று. அதில்தான் உட்கார வேண்டும், முதுகுக்கு நல்லதாம். அரை மணிக்கு ஒருமுறை ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் "இப்போது நாம் சிரிக்கலாம்" என்று சொல்லித் தானே சிரித்துக் காட்டும். முதல் வாரத்தில் இரண்டு நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் சிவப்பாகித் துணைக்கு வந்தார். அவருடைய கிரிக்கெட் அணி வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றிருந்தது. ஏழாவதில் ஜெயித்தது, அவர் குணமாகிப் போய்விட்டார். பிறகு ஜெரால்டும் பந்துகளும்தான்.

வீட்டில் மனைவி ரோசி முதலில் சிரித்தாள்.

"உனக்கா? நீ வுடற கொறட்டைல பக்கத்து வூட்டுக் கொழந்த தொட்டில்லேர்ந்து எந்திரிச்சு குந்திக்குது. உனக்கா சோகம்?"

"மெஷினு சொல்லுதுமே."

"மெஷினு உன்ன இன்னா கட்டிகினா கீது? கட்டிகினவ நான் சொல்றேன். சரி, அந்த நம்பர எறக்கறதுக்கு இன்னா வழி?"

வழி தெரிந்ததுதான். அஞ்சலி எழுதக் கூடாது. சந்தோஷமாக எதையாவது போட வேண்டும். தேவப்பிரியமே முன்வந்து ஒரு படம் செய்துகொடுத்தான். ஜெரால்ட் கையில் ஒரு சூரியகாந்தி, பின்னால் பனிமலை, மேலே 'மகிழ்ச்சியே என் மூச்சு'. மறுநாள் நாய்க்குட்டியோடு. அடுத்த நாள் வானவில்லோடு. பூவும் நாயும் வானவில்லும் தேவப்பிரியத்தின் கம்ப்யூட்டரில் இருந்தவை. முகம் மட்டும் ஜெரால்டுடையது. அது ஒரே முகம், ரேஷன் கார்டுக்கு எடுத்தது.

மெஷின் மகிழ்ந்தது. தொண்ணூற்றாறு எழுபத்துநாலானது. எழுபத்துநாலு ஐம்பத்தொன்றானது. மூன்றாவது வாரம் இருபத்தெட்டு. துரை அறைக்கே வந்து பந்தில் உட்கார்ந்திருந்த ஜெரால்டின் தோளைத் தட்டினார். "பாருங்க, அறிவியல்" என்றார். மும்பைத் தலைமையகத்துக்குக் காட்ட ஜெரால்டின் எண் இறங்குகிற கோட்டை வரைந்து, அதற்கு 'இருளிலிருந்து ஒளிக்கு' என்று தலைப்பும் போட்டிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோ கூட்டம். அதில் காட்டிவிட்டு அன்றே ஜெரால்டுக்குக் கிரேன்.

துரை தோளைத் தட்டிவிட்டுப் போன அன்று மாலை ஜெரால்ட் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தார். குறட்டை நின்று பத்து நாள் ஆகியிருந்தது. கடல் பக்கம் போவதில்லை. யாராவது செத்தால் காதைப் பொத்திக்கொண்டார். ரோசி தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்ல மெஷினுய்யா அது. நீ ஒழுங்கா துண்ணு தூங்கிகினு இருந்தப்போ உனக்குத் தொண்ணூத்தாறு. இப்போ பேய் அறஞ்ச மாறி குந்திகினு கீற, இருவத்தெட்டு. இன்னும் ரெண்டு நாள் போனா பூஜ்ஜியத்துக்கு வந்துருவ. உன்னத் தூக்கிகினு போய்த்தான் கிரேன்ல வெக்கணும்."

தெருவும் கஷ்டப்பட்டது. ஜெரால்ட் எழுதாத அந்த மூன்று வாரத்தில் தேவப்பிரியம் பழைய வரிகளையே எடுத்துப் போட்டான். கல்யாணமே ஆகாத பிளம்பர் ஒருவருக்கு 'பாலூட்டி எமை வளர்த்த பாசத் தாயே' என்று ஏறியது. பேனரைக் கழற்றுவதற்குள் மூன்று தெரு அழ வேண்டிய இடத்தில் சிரித்து முடித்திருந்தது.

*

சனிக்கிழமை காலை ஸ்டானிஸ்லாஸ் போய்ச் சேர்ந்தார்.

யார்டு கேட்டில் இருபத்திரண்டு வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். எழுபத்து மூன்று வயது. காலையில் கோயிலில் பூசை முடித்து வந்து, காபி கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். அவர் மகள் ரூத் பத்து மணிக்கு ஜெரால்ட் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, அப்பாவுக்கு நாலு வரி."

ரோசிதான் சொன்னாள். "திங்கக்கெழம கிரேன் குடுக்கறேன்னு சொல்லிகினு கீறாங்க ரூத்து. இப்போ எழுதினா நம்பரு ஏறிக்கும். அப்பால கிரேனு கெடையாது, ஆயுசுக்கும்."

"ஆமா, கேள்விப்பட்டேன் அண்ணி" என்றாள் ரூத். "பரவால்லண்ணே. நீ பேஜாராவாத. தேவப்பிரியம் கைல பழைய வரி எதனா கீதாம், அத்தப் போட்டுக்கலாம்."

பழைய வரி என்ற சொல் ஜெரால்டுக்குள் போய் எதையோ தட்டியது. அவர் கண் முன்னால், பாலூட்டி வளர்த்த பாசத் தாயாக ஸ்டானிஸ்லாஸ் கல்மண்டபம் முனையில், தடித்த மீசையோடு, தொங்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஷிப்டுக்கும் "சாப்டியா நைனா?" என்று கேட்காமல் கேட்டைத் திறக்காதவர். கேரம் ஆட்டத்தில் சிவப்புக் காயைக் கைக்குள் ஒளிப்பார்; கேட்டால், கையில் இருப்பது சுருட்டு என்பார்.

"ரோசி, அந்தப் பேனாவக் கொண்டா" என்றார்.

"கிரேனு?"

"கிரேனு இன்னா, பெட்டியத்தான தூக்குது."

இருபது நிமிஷத்தில் எழுதி முடித்தார். மூன்று வாரமாக அடைத்திருந்தது, தானாக வந்தது.

*தூங்கிக்கொண்டே எங்களைக் காவல் காத்தவரே,*
*இன்றுதான் நிஜமாகத் தூங்கிவிட்டீர்.*
*சிவப்புக் காயை ஒளித்த அந்தக் கையை*
*பரலோக வாசலில் விரித்துக் காட்டாதீர்.*
*நீர் திறந்த கேட்டில் நுழைந்த எங்களை*
*இனி யார் கேட்பார், சாப்டியா நைனா என்று.*

ரூத் படித்தாள். அழுதுகொண்டிருந்தவள் மூன்றாவது வரியில் சிரித்துவிட்டாள். கடைசி வரியில் மறுபடி அழுதாள்.

"பேரு போட வேணாம்ணே. சும்மா வரி மட்டும் போட்டுக்கறோம்."

ஜெரால்ட் யோசித்தார். அது நல்ல வழிதான். ஒரு முழு நிமிஷம் அதை நல்ல வழியாகவே வைத்துப் பார்த்தார்.

"பேரப் போடு" என்றார். "வரியக் குடுத்துட்டு ஒளிஞ்சிகினா அப்பால ஸ்டானிஸ்லாஸ் என்ன கேரம் ஆட்டத்துக்கே சேக்க மாட்டாரு."

ஃப்ளெக்ஸ் கடையில் ரூத் இன்னொன்றும் சொன்னாள். "அப்பா கம்பெனிக்கு அவ்ளோ வருசம் ஒழைச்சிருக்காரு. கம்பெனி சார்பா ஒரு பெரிய ஆள் போட்டோ கீழ வரணும். இல்லாட்டி சொந்தக்காரங்க முன்னால அப்பாவுக்கு மரியாத இல்ல."

நியாயமான பேச்சு. எந்தச் சாவுக்கும் அது வழக்கம்தான். கம்பெனியில் பெரிய ஆள் என்றால் துரை. தேவப்பிரியம் அவர் முகநூலுக்குள் போய்த் தேடினான். எல்லாப் படத்திலும் அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சாவு பேனரில் கலரில் சிரித்தால் நன்றாக இருக்காதென்று கறுப்பு வெள்ளை ஆக்கினான். பெரிய ஆள் என்பதால் மற்றவர்களைப் போல ஸ்டாம்ப் அளவில் வைக்க மனம் வரவில்லை. ஸ்டானிஸ்லாசுக்கு ஒரு விரற்கடைதான் சின்னதாக வைத்தான். ஏ. துரை என்றால் பேனருக்குக் கம்பீரம் போதாது. வசீமுக்குப் போன் போட்டுக் கேட்டு முழுப் பெயரைப் பிடித்தான். பதவியைக் கதவில் இருந்தபடியே போட்டான். முடிவில் அச்சாகி வந்தது இப்படி:

'கண்ணீர்க் கடலில் மூழ்கித் தவிக்கும் பணியாளர் மகிழ்ச்சித் துறைத் தலைவர் திரு. அ. அய்யாத்துரை.'

ஞாயிறு சாயங்காலத்துக்குள் யார்டில் முகநூல் வைத்திருக்கும் நூற்று நாற்பத்தோரு பேரும் அதைப் பகிர்ந்தார்கள். மேனேஜர் படம் இருக்கிற ஒன்றை மேனேஜர் பெயரைக் கோக்காமல் பகிர அவர்கள் என்ன மரியாதை தெரியாதவர்களா. எல்லாரும் கோத்தார்கள்.

துரைக்கு இது எதுவும் தெரியாது. சனி மாலை முதல் திங்கள் காலை வரை அவர் போனைத் தொடுவதில்லை. அதற்குப் பெயர் மனநோன்பு. அதைப் பற்றி ஒவ்வொரு சனிக்கிழமையும் போனில் நீளமாக எழுதிப் போட்டுவிட்டுத்தான் போனை அணைப்பார்.

*

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு ஜெரால்ட் ஆனந்த அறையில் தம் பந்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டிலேயே தெரிந்துவிட்டது. அட்டையை வைத்ததும் சிவப்பு, எண்பத்தொன்று. வருத்தம் இருந்தது. ஆனாலும் காலையில் ஆறு இட்லி உள்ளே போயிருந்தது, ரோசி எண்ணினாள்.

கதவு திறந்தது. துரை உள்ளே வந்தார். வந்தவர் திரும்பிக் கதவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், ஜெரால்டைப் பார்த்தார்.

"என் ரூம் திறக்க மாட்டேங்குது" என்றார். "மீட்டிங் ஹாலும் திறக்கல. இந்தக் கதவு மட்டும்தான்..."

"குந்துங்க சார். அந்தப் பந்துல காத்து கம்மி. இத்த எடுத்துக்கங்க."

"எனக்குப் பத்து மணிக்கு மும்பை."

"அதுக்குள்ள ஒருவாட்டி சிரிக்கச் சொல்லும் சார்."

துரையின் போன் அடித்தது. நாற்பது மணி நேர மனநோன்பை முறித்து அப்போதுதான் அதற்கு உயிர் வந்திருந்தது. அவர் தாயார் இசக்கியம்மாள், தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து. அந்த அம்மாளின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஏலே அய்யாத்துரை, நீ உசுரோடதான் இருக்கியால?"

"இருக்கேம்மா. என்னம்மா?"

"அப்ப கண்ணீர் அஞ்சலில உன் படத்த எதுக்குல போட்டிருக்கான்? கறுப்பு வெள்ளைல வேற போட்டிருக்கான். உங்க சித்தப்பன் நேத்து ராவுலருந்து அழுதுகிட்டுக் கெடக்கான். வேன் புடிச்சாச்சு, பெரிய மாலை வாங்க ஆள் போயிருக்கு."

துரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, அதிலேயே படத்தைத் தேடி எடுத்தார். பார்த்தார். தொப்பென்று உட்கார்ந்தார்; பந்து மெல்ல நகர்ந்து அவரைச் சுவரில் சாய்த்தது.

"வேன நிறுத்துங்கம்மா. செத்தது நான் இல்ல. நான் அழுறவன்."

"எதுக்குல அழுற? வேல போயிட்டா?"

"அழலம்மா."

"இப்பத்தானல அழுறேன்ன?"

போன் ஒருவழியாக வைக்கப்பட்டபோது ஸ்பீக்கர் "இப்போது நாம் சிரிக்கலாம்" என்றது. ஜெரால்ட் சுவரில் இருந்த அருவியை உற்றுப் பார்த்தார். பார்க்காவிட்டால் நிஜமாகவே சிரித்துவிடுவார்.

ஜெமிமா மடிக்கணினியோடு ஓடி வந்தாள். அவள் வெளிக் கம்பெனி ஆள்; அவள் அட்டைக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

"சார், நீங்க தொண்ணூத்தெட்டு. உங்க பேர்ல நூத்து நாப்பத்தோரு அஞ்சலி கெடக்கு."

"அதை எல்லாம் நான் எழுதலம்மா. அது வழக்கம். சாவுன்னா எல்லார் படமும் போடுவாங்க. அதுக்கும் என் மனசுக்கும் என்ன சம்பந்தம்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. ஜெரால்ட் பணிவாகக் குனிந்தார்.

"மறுப்புதான் மொதல் அறிகுறின்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"இன்னொண்ணு" என்றாள் ஜெமிமா. "அஞ்சலி இல்லாமலே நீங்க அறுபத்துமூணுல இருந்தீங்க."

"நானா? தினமும் காலைல ஊக்க வரி போடுறேன்."

"அதான் சார். 'விழுந்தேன், உடைந்தேன், தனித்து நின்றேன், எழுந்தேன்.' மூணு தடவ விழறீங்க, ஒரு தடவதான் எழுந்துக்கறீங்க. மெஷின் எண்ணிப் பாத்திருக்கு."

மணி பத்துக்குப் பதினைந்து நிமிஷம். துரையின் நெற்றியில் எலுமிச்சைப் புல் வாசனையில்லாத நிஜ வியர்வை.

"மாத்தும்மா. சீக்கிரம்."

"மெஷின நான் மாத்த முடியாது சார். ஒரு வழி இருக்கு. சிவப்பு வந்தா உடனே கதவைப் பூட்டாம, டாக்டர் ஒருத்தர் நேர்ல பேசிப் பாத்துட்டு முடிவு சொல்றது. முதல்லயே செஞ்சு வச்சிருந்தேன். மனுஷத் தலையீடு வேண்டாம்னு நீங்கதான் அணைக்கச் சொன்னீங்க. திரும்பப் போடணும்னா நீங்க எழுதிக் குடுக்கணும்."

"எனக்கு மட்டும் போட முடியுமா?"

"ஒருத்தருக்குன்னு கிடையாது சார். போட்டா எல்லாருக்கும்."

துரை ஜெரால்டைப் பார்த்தார். ஜெரால்ட் அருவியைப் பார்த்தார். துரை பந்தில் உட்கார்ந்தபடியே, ஆடிக்கொண்டே, எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து அலையடித்தது. ஆனாலும் எழுத்துதான்.

கம்பெனி டாக்டர் வந்தார், ரத்த அழுத்தம் பார்த்த அதே டாக்டர். துரையிடம் இரண்டு கேள்வி கேட்டு அவசரமாக அனுப்பிவைத்துவிட்டு ஜெரால்ட் பக்கம் திரும்பினார்.

"தூக்கம்?"

"நடுவுல இல்ல டாக்டர். ரெண்டு நாளா வருது."

"சாப்பாடு?"

"அதே மாறிதான். நடுவுல எறங்கல."

"நடுவுல என்ன ஆச்சு?"

ஜெரால்ட் மஞ்சள் சுவரையும் பந்துகளையும் கையால் காட்டினார். டாக்டர் சுற்றிலும் பார்த்தார். 'மேலே அனுப்பலாம், உடனே' என்று எழுதினார்.

*

மும்பைக் கூட்டத்துக்குத் துரை நேரத்துக்குப் போய்விட்டார். ஆனால் சிவப்புப் பட்டியல் அவருக்கு முன்பே திரையில் போய் உட்கார்ந்திருந்தது. ஏ. துரை, தொண்ணூற்றெட்டு. மும்பையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. மிகவும் மெதுவாகப் பேசினார்கள். மறுநாள் ஒரு பூங்கொத்து வந்தது. அதில் ஒரு அட்டை: நீங்கள் தனியாக இல்லை. அதன் பிறகு மும்பையிலிருந்து அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் காலையில் ஊக்க வரி போடுவதை நிறுத்தி, ரோஜாப் படங்கள் போட ஆரம்பித்தார். மனவானிலை அவருக்கு ஆறு சதவீதம் என்று காட்டியது. யார்டிலேயே மிக மகிழ்ச்சியான மனிதர்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு ஜெரால்ட் அறுபதடி உயரத்தில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டு, இறந்துபோன ஒரு மீன்காரருக்கு இரண்டாவது வரி தேடிக்கொண்டிருந்தார். கடலிலிருந்து காற்று. கீழே டீ நேரம். எல்லாத் தலையும் கேன்டீன் பக்கம் நகர்ந்தது. ஒரு தலை மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில், ஸ்டானிஸ்லாசின் காலி நாற்காலியைச் சுற்றி, கையைக் கட்டிக்கொண்டு நடந்தது. நடையில் காலை இழுத்தது. நேற்றும் அங்கேதான் இருந்தது. அதற்கு முன்தினமும்.

ஜெரால்ட் மீன்காரரை ஓரமாக வைத்துவிட்டு வாக்கியை எடுத்தார்.

"வசீமு, கேட்டாண்ட பாரு. அய்யாத்துரை சாரு மூணு நாளா டீ பக்கமே போவல. இட்டுகினு போ."

"நானா? இன்னா மாமு சொல்லிக் கூப்புடறது அந்த ஆள?"

"மெதுவா வரவும், அவசரம் இல்லன்னு சொல்லு. நான் எறங்கி வரேன்."